மணப்பாறைக்கு எத்தனை பி?

"அண்ணே, மணப்பாறைக்கு இங்கிலீஷ்ல ஒரு பி-யா, ரெண்டு பி-யா?"

முறுக்கு பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க வந்த தம்பி கேட்டது இது. அவன் அப்பா காலத்து லேபிளில் இரண்டு பி இருந்தது. டிடிபி கடையில் டைப் அடித்த பெண், ஒன்று போதும் என்று மற்றதை எடுத்துவிட்டாள். கடைக்காரர் கூகுளைக் கேட்டார். அது இரண்டு விதமாகவும் பக்கம் பக்கமாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. இடம், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சு.

"ரெண்டு போடு தம்பி" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். அவன் விடவில்லை. "ரயில்வேயில ஒண்ணுதானேண்ணே இருக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். டீ ஆற நேரமிருந்தது, சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில், எந்தப் பி? பென்சிலுக்கு வருவதா, பேட்டுக்கு வருவதா? இந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதியாக வேண்டும். டி-க்கும் இதே கதி: டைகருக்கும் டி, டெல்லிக்கும் டி. போனில் பெயர் சொல்லும்போது "பி ஃபார் பாம்பே, டி ஃபார் டைகர்" என்று தொண்டை கிழியக் கத்துகிறோமே, அது இதனால்தான். மணப்பாறை ஸ்டேஷனுக்கு ரயில்வே வைத்திருக்கும் குறியீடு எம், பி, ஏ. சேர்த்துச் சொன்னால் ஏதோ பட்டப்படிப்பு மாதிரி கேட்கும். பென்சில் பி என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அது நம்ம ஊர். இனிமேல் இங்கே பி என்றால் பென்சில் பி, டி என்றால் டைகர் டி. மற்றவை வந்தால் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியாது. எத்தனை பி என்ற கேள்விக்கு விடையே இங்கேதான் இருக்கிறது. தமிழில் ப என்பது ஓர் எழுத்து, வாயில் அது இரண்டு ஒலி. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப உதட்டில் வெடித்து வருகிறது. ம்-க்குப் பின்னால் வரும் ப மெத்தென்று வருகிறது. எங்கே நிற்கிறது என்று பார்த்து ஒலியை நாமே மாற்றிக்கொள்கிறோம். சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் கடினமாக இருக்கும், மெல்லினத்தை அடுத்து வந்தால் தணியும், இரண்டு உயிருக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டாலும் தளர்ந்துவிடும். நடுவில் நின்றும் கடினமாகவே ஒலிக்க வேண்டுமென்றால் ஒற்று இரட்டிக்க வேண்டும். படு வேறு, பட்டு வேறு. அகம் வேறு, அக்கம் வேறு. இலக்கணம் ஒரு வரி படிக்காத குழந்தைகூட இதில் தடுமாறுவதில்லை.

ஆக, மணப்பாறையில் அந்த ப் சும்மா நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டால் தமிழ்க் கண் "மணபாறை" என்று படித்து, பேட்டுக்கு வரும் ஒலியைப் போட்டுவிடும். முறுக்குக்கும் இதே நியாயம்தான். கே இரண்டு இருந்தால் முறுக்கு. ஒன்றை விட்டுவிட்டால் நம் ஆள் அதை முருகு என்றுதான் படிப்பான், பக்தி கூடும், வியாபாரம் நடக்காது.

ஆங்கிலத்தில் இரட்டை எழுத்துக்கு வேலையே வேறு. நம்பிக்கைக்கான ஹோப் என்ற சொல்லோடு இங் சேர்த்தால் ஒரு பி. தாவுவதற்கான ஹாப்போடு இங் சேர்த்தால் இரண்டு பி. அந்த இரண்டாவது பி, உதட்டை அழுத்தச் சொல்லவில்லை. முன்னால் இருக்கும் உயிரைக் குறுக்கச் சொல்கிறது. டின்னருக்கு இரண்டு என், சாப்பிடும் இடமான டைனருக்கு ஒன்று, அதுவும் இந்தக் கணக்குதான். லண்டன்காரருக்கு மணப்பாறையில் ஒரு பி இருந்தாலும் இரண்டு இருந்தாலும் ப ஒரே ப-தான். நமக்கு அப்படியில்லை. ஸ்பெல்லிங் தப்பு என்று நாம் சொல்வதில் பாதி, யார் படிப்பதற்காக எழுதினோம் என்பதைப் பொறுத்தது.

மறுபாதி பதிவேட்டில் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் தளத்தில் தேடினால் நம்ம ஊர் ஒற்றைப் பி-யோடு வரும். தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் 138-ஆம் தொகுதியாக இரட்டைப் பி-யோடு இருக்கிறது. 2023-ல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பதிவிலும் ஊருக்கு இரண்டு பி, முறுக்குக்கு இரண்டு கே. தம்பிக்கு நான் சொன்ன விடை அங்கிருந்து வந்ததுதான். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதிவான பெயரின் பாதுகாப்பு வேண்டுகிற தயாரிப்பாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன்னைத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதையெல்லாம் செய்துவிட்டு, லேபிளில் மட்டும் ஒரு எழுத்தைக் குறைத்து அடிப்பானேன்? ஓமமும் சீரகமும் போட்டு, கையால் சுற்றி, எண்ணெயில் இரண்டு தடவை போட்டு எடுக்கிற பண்டத்துக்கு ஓர் எழுத்து கூட அடிப்பதில் மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

"அப்ப ரெண்டு பி போட்டா கரெக்டா வந்துடும்ல?" என்றான் தம்பி.

வராது. அதையும் சொல்லிவிட வேண்டும். எம், ஏ, என், ஏ, பி, பி, ஏ, ஆர், ஏ, ஐ. இந்தப் பத்து எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஊரைத் தெரியாத ஒரு தமிழரிடம் படிக்கச் சொல்லுங்கள். மனப்பரை என்பார். மணப்பறை என்பார். மானப்பாரை என்றாலும் குற்றம் சொல்ல முடியாது. ண, ன, ந மூன்றுக்கும் அங்கே ஒரே என். ர, ற இரண்டுக்கும் ஒரே ஆர். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே ஏ. பறை கொட்டுகிற கருவி, பாறை கல். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இவ்வளவு ஓட்டையுள்ள எழுத்தில் நம் பெயர் ஒழுகாமல் நிற்கிறதென்றால், நமக்கு ஊர் முன்கூட்டியே தெரியும் என்பதால்தான்.

நெடிலுக்கு ஏ-யை இரண்டு முறை போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், சிலர் போடுகிறார்கள். சட்டைப் பையில் இருக்கிற ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். ஏ, ஏ, டெல்லி டி, எச், ஏ, ஏ, ஆர். தொடக்கத்தில் இரண்டு ஏ, நடுவிலும் இரண்டு ஏ. 2016-ஆம் ஆண்டு சட்டத்தின் பெயரிலும் அப்படித்தான். ஆனால் ஜெராக்ஸ் கடைப் பலகைகளில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். ஒரு ஏ-யில் தொடங்கியது, கடைசி ஏ-யை முழுங்கியது, எச்-சைத் தொலைத்தது என்று வகைவகையாக இருக்கும். ஆங்கில எழுத்தில் எழுதுகிற இந்திய வார்த்தைகளில் இன்று அதிகம் தப்பாக எழுதப்படுவது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

அடுத்த தொல்லை எச். திரு என்பதை டி-யோடு எழுதுவதா, டி, எச் சேர்த்து எழுதுவதா? நம் மாவட்டத்துத் தொகுதிப் பட்டியலே இதற்கு நல்ல சாட்சி. 140-ஆம் தொகுதி திருச்சிராப்பள்ளி மேற்கு: வெறும் டி. இரண்டு எண் தள்ளி 142, திருவெறும்பூர்: டி, எச். ஒரே மாவட்டம், ஒரே பட்டியல், ஒரே திரு. 

இதற்குப் பின்னால் இரண்டு மரபுகள் இருக்கின்றன. வில்லியம் வில்சன் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியா முழுமைக்கும் கெசட்டியர் தொகுத்தவர். அதன் முதல் பதிப்பு 1881-ல் வந்தது. இந்திய ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுத அவர் முறைப்படுத்திய வழிதான் இன்றுவரை அரசாங்க வழி. அதில் த-வுக்கு வெறும் டி. எச் சேர்த்தால் அது இந்தியில் மூச்சு விட்டுச் சொல்கிற இன்னொரு த. தமிழில் அந்த மூச்சொலி கிடையாது. ட-வுக்கும் த-வுக்கும் வேறுபாடு காட்ட ஏதாவது வேண்டும். சும்மா கிடந்த எச்-சை எடுத்து நாம் த-வுக்குக் கொடுத்துவிட்டோம். டி என்றால் ட, எச் சேர்ந்தால் த. அதனால்தான் வடக்கே லதா மங்கேஷ்கருக்கு எச் இல்லை. இங்கே லதா என்று பெயர் வைத்த எந்தப் பெண்ணுக்கும் எச் இல்லாமல் இல்லை. அவர்கள் எழுதினால் நாம் லடா என்று படிக்கிறோம். நாம் எழுதினால் அவர்கள் மூச்சு வாங்கிப் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் தப்பில்லை, தம்பி. கணக்கு வேறு, அவ்வளவுதான்.

1982-ல் திருச்சியில் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெயர் இன்னும் சுவாரசியம். பாரதி-யில் வரும் த-வுக்கு டி, எச். அடுத்து வரும் தாசனின் த-வுக்கு டெல்லி டி. ஒரே பெயருக்குள் ஒரே எழுத்துக்கு இரண்டு வேஷம். அங்கே பட்டம் வாங்கியவர்களே விண்ணப்பத்தில் இரண்டு இடத்திலும் டி, எச் போட்டு எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ஒலிப்படி பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தின் முத்திரைப்படி பார்த்தால் அது பிழை.

இனித் திருச்சிக்கு வருவோம். எட்டும் தூரம்தான், இங்கிருந்து 40 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் எழுத்தில் அதைப் போல அலைக்கழிந்த ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. இன்றைய அதிகாரபூர்வ ஆங்கில வடிவத்தில் 15 எழுத்துகள்: டி, ஐ, ஆர், யூ, சி, எச், ஐ, ஆர், ஏ, பி, பி, ஏ, எல், எல், ஐ. தமிழில் எழுதிப் பாருங்கள். திருச்சிராப்பள்ளி என்பதில் ச், ப், ள் என்று மூன்று ஒற்று. ஆங்கிலத்தில் ப், ள் இரண்டுக்கும் இரட்டை எழுத்து கொடுத்துவிட்டார்கள். ச்-சை மட்டும் விட்டுவிட்டார்கள். ரயில்வே அதையும் விடவில்லை. ஜங்ஷன் பெயர்ப் பலகையில் சி, எச் இரண்டு தடவை வரும், ஆக 17 எழுத்து. தேசியத் தொழில்நுட்பக் கழகம் 15 எழுத்துக்காரர். தி இந்து பத்திரிகை சுருக்கி, யூ வைத்துத் திருச்சி என்று தமிழ் ஒலிக்குப் பக்கத்திலேயே எழுதும். ஊர்க்காரர்களோ டி, ஆர் என்று ஒட்டி எழுதி, கடைசியில் ஒய் போட்டு முடித்துவிடுவார்கள். பேச்சுக்கும் பேருந்துக்கும் அது போதும். விண்ணப்பத்துக்குப் போதாது.

இந்தப் பெயரில் அதிகம் நடக்கிற பிழை ஒரு பி-யை விடுவது. அடுத்தது, எங்கோ இரட்டை வரும் என்ற ஞாபகத்தில் ஆர்-ஐ இரட்டிப்பது. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தமிழில் சொல்லிப் பாருங்கள். வாய் எங்கே அழுந்துகிறதோ அங்கே இரட்டை. ரா-வில் அழுந்துகிறதா? இல்லை. ப்ப, ள்ள. ச்ச மட்டும் விதிவிலக்கு. முடிந்தது.

கும்பினிக்காரர்கள் எழுதியதோ திரிச்சினோபோலி. பள்ளி போலியாகிவிட்டது. நடுவில் ஒரு என் எப்படி நுழைந்தது என்று பலர் கேட்பார்கள். அதற்கு வெள்ளைக்காரரை மட்டும் திட்டக்கூடாது. பழைய தமிழ் ஏடுகளிலும் பத்திரங்களிலுமே திருச்சினாப்பள்ளி என்று எழுதியிருக்கிறார்கள், பாட்டிமார்கள் சொல்லக் கேட்டுமிருக்கிறோம். நாம் சொன்னதைத்தான் அவர்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டார்கள். லூயிஸ் மூர் 1878-ல் எழுதிய மாவட்டக் கையேடும், ஹெமிங்வே 1907-ல் தொகுத்த கெசட்டியரும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. நூலகத்தில் தேடும்போது 15 எழுத்தைப் போட்டுத் தேடினால் இரண்டும் அகப்படாமல் போகலாம். பழைய 12 எழுத்தைப் போட்டால் வரும். இதுவும் சரியான பயன்பாட்டில் ஒரு பகுதி. பழைய நூலின் பெயரைத் திருத்தி எழுதுவதும் பிழைதான்.

அந்தத் தப்பான எழுத்து உலகம் சுற்றியிருக்கிறது. உறையூரில் சுற்றிய சுருட்டு லண்டன் கடைகளில் அந்தப் பெயரிலேயே விற்றது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். பொன்கம்பியிலும் வெள்ளிக்கம்பியிலும் பின்னிய சங்கிலி வேலைக்கும் அதே பெயர். அகராதிகளில் அது சாதாரண ஆங்கிலச் சொல்லாகவே ஏறிவிட்டது. சுருட்டு என்ற நம் சொல்லே ஷெரூட் என்று அங்கே போய்க் குடியேறியதுதான்.

சுற்றுப்புறத்திலும் இந்தக் கூத்து உண்டு. உறையூர் ஆங்கிலத்தில் டபிள்யூ-வில் தொடங்குகிறது. நாம் பேச்சில் ஒறையூர் என்று உதட்டைக் குவிப்பது அவர்கள் காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கர்நாடகப் போர்க் காலத்துக் கடிதங்களில் ஸ்ரீரங்கம் செரிங்கம் ஆகிவிட்டது. கொள்ளிடம் கோலரூன் ஆனது. பொன்மலையை மட்டும் எழுத்துக் கூட்டாமல் மொழிபெயர்த்து, கோல்டன் ராக் என்று வைத்துக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம் என்று அரசாங்கமே ஒருமுறை இறங்கியது. 2020 ஜூனில் தமிழ் வளர்ச்சித் துறையின் அரசாணை ஒன்று வெளியானது. 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுத வேண்டும் என்றது. நோக்கம் நல்லதுதான். எழும்பூரை எக்மோர் என்றும், திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் என்றும் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதில் யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் பட்டியலைப் பிரித்துப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். கோயம்புத்தூரின் த்த-வுக்கு டி, எச் இரண்டு முறை, ஊ-வுக்கு ஓ இரண்டு முறை. பத்து எழுத்தில் இருந்த ஊர் 14 எழுத்தானது. வேலூரின் வே-வுக்கு இ இரண்டு முறை போட்டிருந்தார்கள். படித்தால் வீலூர். ஏ என்ற நெடிலுக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து இல்லாததை யாரோ எழுத்தை இரட்டித்துச் சமாளிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஊர் முழுக்கச் சிரித்தது. சில நாட்களுக்குள் ஆணையைத் திரும்பப் பெறுவதாக அப்போதைய அமைச்சர் க. பாண்டியராஜன் அறிவித்தார்.

அந்த ஆணையில் எனக்குப் பட்ட குறை எழுத்துக்கூட்டல் மட்டுமில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஆங்கில எழுத்து தேவையில்லை, பக்கத்திலேயே தமிழில் எழுதியிருக்கிறது. தமிழ் தெரியாதவருக்கு எத்தனை எச்-சும் ஓ-வும் போட்டாலும் அந்த ஒலி வாயில் வராது. பிறகு யாருக்காக அந்த 14 எழுத்து? தூத்துக்குடி, தஞ்சாவூர் போல மக்கள் ஏற்கெனவே எழுதப் பழகிவிட்ட வடிவத்தை எல்லா அலுவலகங்களிலும் ஒன்றாக்கினாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரே ஒரு எழுத்து வேலை செய்த இடமும் உண்டு. நாடார் வங்கி 1962-ல் பெயர் மாறியபோது தமிழ்நாட் மெர்க்கன்டைல் வங்கி என்று ஆனது, ஆங்கிலத்தில் கடைசி யூ கிடையாது. 1969 ஜனவரி 14-ல் மாநிலம் பெயர் மாறியபோது அந்த யூ சேர்ந்தது. நாட் என்று முறிந்து நிற்காமல் நாடு என்று முடிகிறது. இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் அவரவர் இடத்தில் சரி. வங்கிக்குச் செக் எழுதுகிறவர் மாநிலத்தின் யூ-வைக் கொண்டுபோய் வங்கியின் பெயரில் ஒட்டக்கூடாது. சென்னையில் இருப்பதை மெட்ராஸ் உயர் நீதிமன்றம் என்று ஆங்கிலத்தில் எழுதுவதும் இதே நியாயப்படிதான்.

தமிழர் போய்ச் சேர்ந்த ஊர்களில் எழுத்துக் கூட்டியவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயரின் உருவம் மாறியிருக்கிறது. திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களுக்கு நிற்கிற வரிசையைக் கவனியுங்கள். இங்கே கே, எஸ், எச் போட்டு லட்சுமி என்று எழுதுகிறோம். மலேசியாவில் டி, சி, எச் போட்டு லெட்சுமி. புதுச்சேரியிலும் ரீயூனியன் தீவிலும் பிரெஞ்சுக்காரர்கள் உகரத்துக்கு ஓ, யூ இரண்டையும் சேர்த்து எழுதிவைத்தார்கள். முத்துவைக் கண்டுபிடிக்கவே இரண்டு நிமிஷம் ஆகும். எல்லாரும் ஒரே முத்துதான். பாஸ்போர்ட்டைத் தட்டுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியாது.

எழுத்தைக் கூட்டிப் போடுகிற ஆசையும் நமக்கு உண்டு. 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரான ஜெயலலிதா, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தன் ஆங்கிலப் பெயரின் கடைசியில் இன்னொரு ஏ சேர்த்துக்கொண்டார். எண் கணிதம் காரணம் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. காரணம் எதுவாக இருந்தாலும் புரூஃப் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்த ஏ குற்றமில்லை. தமிழில் அந்தப் பெயர் தா என்ற நெடிலில்தான் முடிகிறது. அது தெரியாமல் இரண்டாவது ஏ-யைப் பிழை என்று அடித்துவிட்டுத் திட்டு வாங்கிய அச்சுக்கோப்பவர்கள் உண்டு.

முதலமைச்சர் எழுத்தை மாற்றினால் ஊரே மாற்றி எழுதும். நாம் மாற்றினால் அலைவது நாம்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் செந்திலுக்கு டி, எச். பான் அட்டையில் டெல்லி டி, எச். வங்கிக் கணக்கில் எச்-சே இல்லை. மூன்றும் சரியான ஒலிதான். விமான டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்கிறபோது, ஒலி சரி என்று கவுன்டரில் வாதாட முடியாது. அப்புறம் நோட்டரி, உறுதிமொழிப் பத்திரம், அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு என்று ஒரு சுற்று சுற்ற வேண்டும். அரசிதழை அச்சிடுவது எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை. அதில் ஒரு தடவை வந்துவிட்டால் அந்த எழுத்துதான் உங்கள் பெயர், யார் என்ன சொன்னாலும்.

ஊர்ப் பெயருக்கு இந்த அளவு பயம் வேண்டாம். மணப்பாறைக்கு ஒரு பி போட்டுக் கடிதம் அனுப்பினாலும் வந்துவிடும், 621306 என்ற எண் சரியாக இருந்தால். அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ஒரே பெயரில் பல ஊர்களும், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல்களும் இருக்கிற நாட்டில் எழுத்தை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துதான் எண்ணை வைத்தார்கள்.

ஆட்பெயருக்கு அப்படி ஓர் எண் உதவிக்கு வராது. ஆதார் எண் இருந்தும், பெயரில் ஒரு எழுத்து இடித்தால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அதனால் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பில் வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாராகும். பிள்ளையின் பெயர், உங்கள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதில் இருக்கும். சரிபார்க்கக் கொடுப்பார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எச் எங்கே, ஏ எத்தனை என்று ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுப் படியுங்கள். இடித்தால் அன்றைக்கே வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.